சீமாட்டியும் உண்ணிச்செடியும்

செப்டம்பர் 2, திங்கள்

ஆபீஸ் நோட்டு வேறு, இந்த நோட்டு வேறு. ஆபீஸ் நோட்டில் நேரம், குரங்கு எண்ணிக்கை, வண்டி எண்ணிக்கை, மழை உண்டா இல்லையா, அவ்வளவுதான். இதில் எனக்குத் தோன்றுவதை எழுதுவேன். யாரும் படிக்கப்போவதில்லை.

இன்றோடு வேலை முடிந்தது. கருங்கல்மட்டம் எஸ்டேட்டுக்குக் கீழே ரோடு திரும்பும் வளைவில், மேட்டுப் பக்கம் முழுவதும் மண்டிக் கிடந்த உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கிவிட்டேன். மூன்று வாரம். டியூட்டி முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு. கடப்பாரை போட்டு நெம்பினால்தான் வேர் வரும். கையெல்லாம் கிழிந்து உப்புப் பட்டால் எரிகிறது. வனவர் பொம்முராஜ் வாயால் அனுமதி கொடுத்தார். "களைதானுங்க, புடுங்குனா நல்லதுதான்" என்றார். இப்போது மேலே இருந்து வரும் டிரைவருக்கு வளைவு முழுக்கத் தெரியும். குரங்கு இறங்கினால் தூரத்திலேயே பார்த்துவிடலாம்.

இங்கே சோலைக்காடு ரோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. நடுவே மாட்டிக்கொண்டது ஒரு சிங்கவால் குரங்குக் கூட்டம். மொத்தம் பன்னிரண்டு உருப்படி. அவை ரோட்டைத் தாண்டும்போது வண்டியை நிறுத்துவதுதான் எனக்கும் ராமாத்தாளுக்கும் வேலை. வளைவின் மேல் முனையில் நான், கீழ் முனையில் அவள். ஆளுக்கு ஒரு சிவப்புக் கொடி, ஒரு விசில். இருபத்தாறு வருடம் கொழுந்து பறித்த எனக்கு இது உட்கார்ந்து தின்கிற வேலை என்று லைன் வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள். வந்து ஒரு நாள் நின்று பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து பால் ஊற்றாத டீ போட்டுக் குடித்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆராய்ச்சிக்காக வந்து இந்தக் குரங்குக் காவல் திட்டத்தை நடத்தும் வனிதாமணி மேடம் புது வேலை ஒன்று கொடுத்திருக்கிறார். அக்டோபர் முதல் வாரம் வன உயிரின வாரம். பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. "மேரியக்கா, படிச்சவங்க எழுதுற போர்டு நிறைய வரும். நீங்க தினம் கண்ணால பாக்குறத வெச்சு ஒண்ணு எழுதுங்க. ரொம்ப அரிதா இருக்குற ஒண்ணு, எங்க பாத்தாலும் இருக்குற ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிடுங்க" என்றார்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நோட்டின் நடுவில் கோடு போட்டு எழுதினேன்.

சிங்கவால் குரங்கு: நம் மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. காட்டில் நாலாயிரத்துக்கும் கீழே என்கிறார்கள்.
உண்ணிச்செடி: எங்கோ அமெரிக்காவில் இருந்து வெள்ளைக்காரன் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்தது. எண்ண முடியாது.

குரங்கு: மூன்று வருடத்துக்கு ஒரு குட்டி. அதுவும் பிழைத்தால்.
உண்ணி: வருடம் முழுக்கப் பூ, வருடம் முழுக்கக் காய். கொண்டைக்குருவி தின்று எச்சமிட்ட இடமெல்லாம் முளைக்கும்.

குரங்கு: யாருக்கும் கெடுதல் இல்லை.
உண்ணி: மாடு தின்றால் செத்துப்போகும். ஆள் உயரம் மண்டினால் பின்னால் என்ன நிற்கிறது என்று தெரியாது.

கடைசி வரியை மேடம் இரண்டு முறை படித்தார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று டூரிஸ்ட் கூட்டம். மேட்டுப் பக்கம் உண்ணி போனதும் அங்கே இரண்டு கார் ஒதுங்கும் அளவுக்கு இடம் வந்திருக்கிறது. இறங்கிப் போட்டோ எடுக்கிறார்கள். ஒரு குடும்பம் பாயை விரித்துப் புளிச்சோறு பிரித்தது. "இது என்ன உங்க மாமியார் வீடா?" என்று கேட்டேன். அந்த அம்மா முகம் சுளித்தாள், ஆனால் பாயைச் சுருட்டினார்கள்.

எங்கள் கூட்டத்துக்கு நானும் ராமாத்தாளும்தான் பெயர் வைத்தோம். பெரிய ஆணுக்குக் கங்காணி என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் மற்றவர்களை முறைத்துக்கொண்டே இருப்பான். கிழவி ஒருத்திக்கு வால் பாதியில் அறுந்திருக்கும், அவள் அரைவால். வயிற்றில் குட்டியோடு இருப்பவள் குட்டச்சி. எல்லாரிலும் அழகி சீமாட்டி. முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, சீவிவிட்டது போல. அவளுக்கு இரண்டு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. ராமாத்தாள் அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பிழைக்கட்டும், அப்புறம் வைக்கலாம் என்கிறாள்.

யாரோ வீசிய வாழைக்காய் சிப்ஸைச் சீமாட்டி இறங்கி வந்து எடுத்தாள். விசிலடித்துத் துரத்தினேன்.

செப்டம்பர் 11, புதன்

மழை. இரண்டு காலிலும் அட்டை. குரங்கு வரவில்லை.

செப்டம்பர் 14, சனி

சீமாட்டி செத்துவிட்டாள்.

மதியம் மூன்றே கால். வெள்ளைக் கார். கொடியைக் காட்டினேன். விசிலடித்தேன். நிற்கவில்லை.

குட்டி அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டே இருந்தது. அரைவால் வந்து பிய்த்து எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வனவர் வந்து என்னிடம் எழுதி வாங்கினார். 'பணியில் இருந்தேன். சிவப்புக் கொடி காட்டியும் வாகனம் நிற்காமல் சென்றது. எண் தெரியவில்லை.' கையெழுத்துப் போட்டேன்.

"உங்க மேல தப்பு இல்லீங்க. இவனுங்கள உள்ள தள்ளணும்" என்றார் பொம்முராஜ். நல்ல மனுஷன். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பால் டீ. ஆறட்டும் என்று சொல்லிக் கையிலேயே வைத்திருந்து, அவர் போனதும் கீழே ஊற்றினேன்.

செப்டம்பர் 16, திங்கள்

குட்டி உயிரோடு இருக்கிறது. அரைவால் இடுப்பில் வைத்திருக்கிறாள். அவளிடம் பால் ஏது? காய்ந்த மார்பைக் குட்டி இழுக்கிறது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மேடத்திடம் ஓடினேன். "பிடிச்சுட்டு வந்து ஆட்டுப்பால் குடுக்கலாம். நான் வளர்க்கிறேன், மேடம். கையில வெச்சுக் காப்பாத்துறேன்."

"அக்கா, பிடிக்கணும்னா அரைவாலுக்கு மயக்க ஊசி போடணும். அவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தா அவளும் போயிடுவா. மேலிடத்துல கேட்டிருக்கேன், டாக்டரும் வேண்டாம்னுதான் சொல்றார்."

"அப்ப சாகட்டும்னு பாத்துட்டு நிக்கவா?"

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இருபத்தொன்பது வயது. நான் கத்தியிருக்கக் கூடாது.

செப்டம்பர் 17, செவ்வாய்

குட்டி கத்தும் சத்தம் நேற்றை விடக் குறைந்திருக்கிறது. காலை ஏழில் இருந்து மாலை ஆறு வரை மரத்தடியில் நின்றேன். சோறு இறங்கவில்லை. மாதாவிடம் கேட்கிறேன். என்ன வேண்டுமானாலும் என்னிடம் எடுத்துக்கொள், இதை விட்டுவிடு.

எடுத்துக்கொள்ள என்னிடம் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும்.

செப்டம்பர் 18, புதன்

பதினொன்றரை மணிக்குத் தலை தொங்கிவிட்டது. அரைவால் இன்னும் கீழே விடவில்லை.

செப்டம்பர் 21, சனி

மூன்று நாளாகச் செத்த குட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். இன்று காலை கையில் இல்லை. ஆபீஸ் நோட்டில் 'எண்ணிக்கை 10' என்று எழுதினேன். பேனா எழுதவில்லை. உதறி உதறி எழுதினேன்.

வீடு பெருக்கினேன். அரிசி களைந்தேன். ஆறு நாளாக ஊறிய துணியைத் துவைத்தேன், நாற்றம் போகவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஏழு கார்.

உண்ணி இருந்த இடத்தில் இப்போது ஏழு கார் நிற்கிறது. மண் இறுகி, டயர் தடம் பதிந்து, யாரோ காசு போட்டுக் கட்டிக்கொடுத்தது போல நல்ல இடம். ஒருவன் நிறுத்தினால் பின்னால் வருபவன் எல்லாம் என்ன வேடிக்கை என்று நிறுத்துகிறான். சிப்ஸ், பிஸ்கட், பாதி தின்ற கொய்யா. கங்காணி நேராகப் போய்க் கார் மேலேயே ஏறிவிட்டான். அவன் பின்னாலேயே மற்றவை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு குட்டச்சி ரோட்டின் நடுக்கோட்டில் உட்கார்ந்து கிரீம் பிஸ்கட்டைப் பிரித்தாள்.

போன வருடம் இதே செப்டம்பரில் ஒரு கார்கூட இங்கே நின்றதில்லை. நிற்க ஏது இடம்?

செப்டம்பர் 24, செவ்வாய்

வனவரிடம் போனேன். "சார், அந்த இடத்த அடைக்கணும். கல்லப் போடுங்க, வேலியப் போடுங்க. எதையாவது பண்ணுங்க."

"ஏனுங்கக்கா, போன மாசம் நீங்கதானே வந்து, மறைக்குது, வெட்டணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்க?"

"நின்னேன். இப்ப அடைக்கணும்ங்கறேன்."

அவர் கோப்பைத் திருப்பி என் கையெழுத்தைக் காட்டினார். "உங்க வாக்குமூலப்படி வண்டி கொடிக்கு நிக்கல. அப்ப பிரச்சன வேகந்தானுங்க? வேகத்தடை கேட்டு எழுதியிருக்கேன். நிறுத்துற எடத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மேல கேப்பாங்கல்ல?"

தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 26, வியாழன்

அடுத்த மாதம் பதினொன்று வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. மூன்று நாள் சேர்ந்தாற்போல லீவு. ஹோட்டலில் இப்போதே ரூம் இல்லையாம். ஏழு காருக்கே இப்படி என்றால் அன்று எழுபது வரும். அதற்குள் அந்த இடத்தை அடைக்காவிட்டால் குட்டச்சி போவாள். இந்தப் பத்தில் இனிக் குட்டி போடும் வயதில் இருப்பவள் அவள் ஒருத்திதான். அவள் போனால் மிச்சம் இருப்பவை கிழடாகிச் செத்து முடியும்வரை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

போர்டுக்காக ஆபீஸ் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஜூலை, ஆகஸ்ட். என் கையெழுத்தில்தான் இருக்கிறது. 'காலை 9.10. வளைவு மேட்டில் உண்ணிப்பழம் தின்றன. ரோட்டுக்கு இறங்கவில்லை.' ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பதினேழு நாள் அப்படி எழுதியிருக்கிறேன். முள்ளுக்குள் பாதுகாப்பாக உட்கார்ந்து, கறுப்புப் பழத்தை ஆய்ந்து தின்றுவிட்டு, மரத்தோடு மரமாகத் திரும்பிப் போயிருக்கின்றன. எழுதினேன், தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை. அந்தச் செடியிடம் நல்லது எதையும் பார்க்க எனக்கு மனமில்லை.

குரங்கு: உண்ணிப்பழம் தின்னும்.
உண்ணி: குரங்குக்குத் தீனி. மறைப்பு. வேலி.

எழுதிவிட்டு அடித்தேன். அடித்ததை மறுபடி எழுதினேன்.

செப்டம்பர் 28, சனி

மதியம் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே ராமாத்தாள் கேட்டாள். "அக்கா, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்குவியா?"

"கேளு."

"அன்னிக்கு உன்ற விசில் சத்தம் எனக்குக் கேக்கவே இல்லியே."

"மழையில கேட்டிருக்காது."

"அன்னிக்கு மழை இல்லக்கா."

அவள் எனக்கு ஒரு கரண்டி தயிர்ச்சோறு வைத்தாள். வேண்டாம் என்றேன். "ரெண்டு வருஷமா இதேதான் பண்ற. மோரு வேண்டாம், தயிரு வேண்டாம், டீக்குப் பாலு வேண்டாம். ஒடம்புக்கு என்னத்துக்கு ஆகும்?" என்று திட்டினாள். அதோடு விட்டுவிட்டாள். அவள் விட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

யாரும் படிக்கப்போவதில்லை என்று முதல் நாளே எழுதினேன். அப்புறம் இதில் எதற்குப் பொய் எழுதினேன்?

பதினான்காம் தேதி மதியம் மூன்றே காலுக்கு நான் வளைவில் இல்லை. இருநூறு அடி தள்ளி, அடுத்த திருப்பத்தில் கடப்பாரையோடு இருந்தேன். அங்கே ஒரு உண்ணிப் புதர் மிச்சம் இருந்தது. கொடியைக் கல் மேல் சுருட்டி வைத்திருந்தேன். விசில் கழுத்தில்தான் இருந்தது. டியூட்டி முடியும்வரை பொறுக்க முடியவில்லை, அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது, போய்விட்டேன். வேர் பெரிய வேர். பிடுங்கிக் கையில் எடுத்தபோது பிரேக் சத்தம் கேட்டது. சந்தோஷமாக இருந்தேன் அந்த நிமிடம். அதையும் எழுதிவிடுகிறேன். வேரைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன்.

வெள்ளைக் கார் போவதை மட்டும் பார்த்தேன். அவன் எந்தக் கொடியையும் பார்க்கவில்லை. காட்ட யாருமில்லை.

அக்டோபர் 2, புதன்

கண்காட்சி. என் போர்டு வாசலுக்குப் பக்கத்திலேயே. கீழே 'ஒப்பிட்டவர்: சவ. சலேத்மேரி' என்று மேடம் அழகாக எழுதியிருந்தார். 'யாருக்கும் கெடுதல் இல்லை', 'பின்னால் என்ன நிற்கிறது என்று தெரியாது' என்ற பழைய வரிகள்தான் இருந்தன. புதிதாக எழுதியதை நான் கொடுக்கவில்லை.

ஒரு டீச்சர் படித்துவிட்டுக் கேட்டார். "ஏங்க, இந்த உண்ணி இவ்வளவு மோசமா? பூ அழகாத்தானே இருக்கு?"

"எங்க வீட்டுக்காரர் அதுக்குப் பின்னால நின்ன யானை அடிச்சுத்தான் செத்தார்" என்றேன்.

டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் அப்படித்தான். இதைச் சொன்னால் எல்லாருக்கும் வாய் அடைத்துவிடும். இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஒன்பது கார். குட்டச்சிக்கு வயிறு இறங்கிவிட்டது. ஓட முடியவில்லை. கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நடந்தேன், கல்யாணப் பெண்ணுக்குக் குடை பிடிப்பது போல. ஒரு காரின் கண்ணாடி என் முழங்கையில் இடித்தது. வீங்கியிருக்கிறது.

அக்டோபர் 7, திங்கள்

வேகத்தடைக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வனவர் லீவு. மேடத்திடம் உண்மையைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "முழங்கைக்கு ஒத்தடம் குடுங்கக்கா" என்றார். வந்துவிட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் குட்டச்சி போவாள். இரண்டும் போகாமல் இருக்க வழி உண்டா என்று நாள் முழுக்க யோசித்தேன். இல்லை.

அக்டோபர் 9, புதன்

எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். நான் பணியிடத்தில் இல்லை, கொடி காட்டவில்லை, முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய். உண்ணியை நான் வெட்டியதால்தான் வண்டி நிறுத்த இடம் வந்தது, அதனால்தான் குரங்குகள் இறங்கின. பூஜை லீவுக்கு முன்னால் அந்த இடத்தை அடைக்கவும்.

மேடம் படித்து முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா இந்நேரம் அடைச்சிருக்கலாம், அக்கா" என்றார். இருபத்தைந்து நாள். எனக்கும் கணக்குத் தெரியும்.

பொம்முராஜ் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. "கொடியையும் விசிலையும் வெச்சுட்டு வீட்டுக்குப் போங்க. விசாரணை முடியட்டும்."

"எடத்த எப்ப சார் அடைப்பீங்க?"

"ரோடு நெடுஞ்சாலைத் துறை, காடு நம்ம துறை. ரெண்டு பேரும் வந்து அளந்து கையெழுத்துப் போடணும். லீவு முடிஞ்சு பாக்கலாமுங்க."

"லீவு முடிஞ்சு எதுக்கு சார்? பொணத்த அளக்கவா?"

அவர் என் கொடியை எடுத்து அலமாரியில் வைத்தார்.

அக்டோபர் 10, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

விடிந்ததும் யோசித்தேன். கல்லை நான் தூக்க முடியாது. கம்பிவேலிக்கு ஆளும் இல்லை, அனுமதியும் இல்லை. முள் இருந்தால் போதும். முள் குவிந்த இடத்தில் எவனும் டயரை விடமாட்டான். வெட்டிய உண்ணியைச் சுமைசுமையாகக் கொண்டுவந்து ஆள் உயரத்துக்குப் போட்டு, முன்வரிசையில் பச்சைக் குச்சியை ஊன்றிவிட்டால் இந்த ஐப்பசி மழைக்கு வேர் பிடித்துக்கொள்ளும். அது பிடிக்காத இடமா? அந்த மேட்டில் ஆள் நடக்கும் பாதை கிடையாது. மூன்று முறை யோசித்துப் பார்த்தேன். கிடையவே கிடையாது. இருந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன்.

ஆனால் உண்ணிக்கு எங்கே போவது? வளைவுக்குச் சுமந்துவரும் தூரத்தில் இருந்ததை எல்லாம் நானே அழித்துவிட்டேன். மிச்சம் இருப்பது ஒரே இடம். எஸ்டேட்டின் அடுத்த டிவிஷனுக்குப் போகும் பால்காரர் பாதை. இரண்டு வருடம் நான்கு மாதமாக நான் அந்தப் பாதையில் கால் வைக்கவில்லை.

யானை எங்கே நிற்கிறது என்று காலையில் கைபேசிக்குச் செய்தி வரும். இன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத் தேடி எடுத்துக் கட்டினேன். அரிவாள், கயிறு. போனேன்.

பாதை சுருங்கிவிட்டது. இரண்டு பக்கமும் உண்ணி தலைக்கு மேல். பூ ஒரே கொத்தில் மஞ்சளும் ரோஸும். நான் அழவில்லை. வெட்ட ஆரம்பித்தேன். முதல் சுமை, இரண்டாவது சுமை. தலையில் வைத்து ஒரு கிலோமீட்டர் நடந்து வளைவில் போட்டுவிட்டுத் திரும்பினேன். கழுத்தெல்லாம் கீறல். ராமாத்தாள் கீழ் முனையில் நின்று பார்த்தாள். நான்காவது சுமைக்குத் தன் கொடியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, இறக்கிவைக்கக் கை கொடுத்தாள். குச்சியை ஊன்றி மண்ணை மிதித்தாள்.

ஐந்தாவது சுமைக்கு வெட்டும்போது, அந்தப் பெரிய திருப்பத்தில், அரிவாள் எதிலோ பட்டு டங் என்றது.

தூக்குவாளி. அலுமினியத் தூக்குவாளி. நசுங்கி, மூடி இல்லாமல் இருந்தது. என் வீட்டுக்காரரைத் தூக்கிவந்த அன்று இதை எல்லாரும் தேடினார்கள், கிடைக்கவில்லை. கைப்பிடிக்குள் நுழைந்து ஒரு உண்ணித் தண்டு வளர்ந்திருக்கிறது, என் மணிக்கட்டுத் தடிமனுக்கு. வாளியைத் தரையில் இருந்து தூக்கி, முழங்கால் உயரத்தில் வைத்திருக்கிறது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று காலை அவருக்குக் காய்ச்சல். பால்காரர் வரவில்லை. மூடுபனி, எதிரில் இருப்பது தெரியாது. "இன்னிக்கு ஒரு நாள் பால் இல்லாமக் குடிச்சுக்கலாம், மேரி" என்றார். நான்தான் டம்ளரை டங்கென்று வைத்து, "பால் இல்லாம இந்த எழவ எவ குடிப்பா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தூக்குவாளியை எடுத்தார். சவரிமுத்துவுக்கு என் வாய் பழகிப்போயிருந்தது. துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு போனார்.

உண்ணி அவரை அனுப்பவில்லை. நான் அனுப்பினேன். வெள்ளைக் காரைப் பற்றிப் பொய் எழுத ஒரு மாதம் பழகினேன், இதைப் பற்றிப் பொய் சொல்ல இரண்டு வருடம். பாவமன்னிப்புக் கூண்டில்கூடச் சாமியாரிடம் சொல்லவில்லை.

அந்தத் தண்டை வெட்டவில்லை. வாளியையும் எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்ததை மட்டும் வெட்டிக் கட்டினேன். மொத்தம் ஒன்பது சுமை. மழை பிடித்துக்கொண்டது. இருட்டுவதற்குள் வளைவின் மேட்டுப் பக்கம் இந்த முனையில் இருந்து அந்த முனை வரை முள்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

கொடி இல்லாமல் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். ரோடு எல்லாருக்கும் சொந்தம், யார் போகச் சொல்ல முடியும்? சந்தனப் பொட்டும் மாலையும் போட்ட கார்கள் வரிசையாக வந்தன. வேகம் குறையும், எட்டிப் பார்ப்பார்கள், ஒதுங்க இடம் தேடுவார்கள், முள்ளைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். ஒரு வேன் பின்னால் எடுத்து முட்டிப் பார்த்தது. டிரைவர் இறங்கி, "எந்தக் கிறுக்கன் இங்க முள்ளப் போட்டான்?" என்று கத்தினான். "நான்தான்" என்றேன். ஏறிப் போய்விட்டான்.

பதினொரு மணிக்கு வனவர் ஜீப்பில் வந்தார். முள்ளைப் பார்த்தார், ஊன்றிய குச்சியைப் பார்த்தார். "காட்டு எல்லையில களைய நட்டுவெச்சிருக்கீங்க. இதுக்குத் தனியா ஒரு கேஸ் வரும், தெரியுமுங்களா?"

"தெரியும் சார்."

"எடுக்கச் சொல்லி எழுதணும் நான்."

"எழுதுங்க. லீவு முடிஞ்சுதானே சார் பாப்பாங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

மதியம் குரங்குகள் வந்தன. காருக்காகக் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. கங்காணிதான் முதலில் சலித்துப்போய் முள் குவியலுக்குப் பின்னால் இறங்கினான். குட்டச்சி மெல்ல வந்து உட்கார்ந்து, நான் வெட்டிப் போட்ட கிளையை வளைத்து, வாடத் தொடங்கிய கறுப்புப் பழத்தை ஒவ்வொன்றாக ஆய்ந்தாள். அந்தப் பழம் எந்த இடத்தில் பழுத்தது என்று எனக்குத்தான் தெரியும்.

எண்ணினேன். பத்து.

அக்டோபர் 13, ஞாயிறு

லீவு முடிந்தது. பத்தும் இருக்கின்றன. அடுத்த லீவு தீபாவளி. அதற்குள் முள்ளை எடுக்கச் சொல்லி ஆள் வரலாம். விசாரணை பதினெட்டாம் தேதி. இனி என்னைச் சேர்க்கமாட்டார்கள் என்று மேடம் சொல்லாமல் சொல்லிவிட்டார். போர்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீங்க மாத்தி எழுதினது ஏதோ இருக்குன்னு ராமாத்தாள் சொன்னாங்களே" என்றார். அடியில் இடம் இருந்தது. அவர் எதிரிலேயே எழுதினேன்.

குரங்கு: நான் இல்லாத நேரத்தில் செத்தது.
உண்ணி: நான் செய்ததற்கெல்லாம் பழியைச் சுமந்தது.

முதல் வரி மேடத்துக்குப் புரிந்தது. இரண்டாவது வரி என்னவென்று கேட்டார். சொன்னேன். தூக்குவாளி வரைக்கும் சொன்னேன்.

வரும் வழியில் கடையில் கால் லிட்டர் பால் வாங்கினேன். காய்ச்சி டீ போட்டேன். டம்ளரை வாய் வரைக்கும் கொண்டுபோனேன், குடிக்க முடியவில்லை. மூடிவைத்து வளைவுக்கு எடுத்துப்போய் ராமாத்தாளிடம் கொடுத்தேன். ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தாள்.